மேடற்ற நாட்டின் ராட்டினங்கள்

சென்னைக்குத் தெற்கே, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது, அதன் தலைமை ஈர்ப்பாக அறிவிக்கப்பட்ட ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சாவூரை நினைவூட்டும் வகையில் ‘தஞ்சோரா’ என்று பெயரிடப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபில்லார்ட் நிறுவனம் வடிவமைத்த இது தலைகீழ் வகையைச் சேர்ந்தது; அதாவது வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடாமல் அதன் அடியில் தொங்கியபடி ஓடும், அமர்ந்திருப்பவரின் கால்களுக்குக் கீழே தரை இராது. இதே நிறுவனம் 1992இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓடவிட்ட இந்த வகை இந்தியாவுக்கு வந்தது இதுவே முதல் முறை. குடும்பத்தோடு போகலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் எந்தப் புதிய ஊர்தியைப் பற்றியும் எழும் கேள்விதான் இதைப் பற்றியும் எழுகிறது: எதிர்பார்த்த அளவுக்கு இருக்கிறதா? இதற்கு வேகத்தையும் உயரத்தையும் மட்டும் வைத்து விடை சொல்லிவிட முடியாது. எதிர்பார்ப்பு ஒவ்வொரு நாட்டிலும் நெடுங்காலப் பழக்கத்தால் உருவாவது. எந்த நாட்டின் பெயரை இந்த ஊர்தி தாங்கியிருக்கிறதோ அந்தக் காவிரிப் படுகைக்கு இந்த வகையில் தனி வரலாறு உண்டு.

அந்த வரலாற்றின் அடிப்படை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. கல்லணையிலிருந்து கடல் வரை, மேற்கே வல்லத்தை ஒட்டிய செம்மண் மேட்டை விட்டுவிட்டால், படுகையில் குன்று என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆறுகளும் வாய்க்கால்களும் வயல்களும் ஒரே மட்டத்தில் கிடக்கும் இந்த நாட்டில், தன் ஊரைத் தானே மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு இயற்கையாக எவருக்கும் கிடைப்பதில்லை என்பதால், உயரம் என்பது இங்கு எப்போதும் கட்டி எழுப்பப்பட வேண்டிய பொருளாகவே இருந்திருக்கிறது. மலையில்லாத ஊரில் முருகனுக்கு மலை வேண்டும் என்று சுவாமிமலையில் கட்டுமலை எழுப்பி, தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகளை அமைத்தார்கள். சீர்காழியில் தோணியப்பரையும் சட்டைநாதரையும் தரைமட்டத்துக்கு மேலே அடுக்கடுக்காக எழுந்தருளச் செய்தார்கள். யானை ஏற முடியாத உயரத்தில் கருவறையை வைத்த மாடக்கோயில்களைக் கோச்செங்கட் சோழன் கட்டியதாக மரபு கூறுகிறது. சேதுபாவாசத்திரம் கடற்கரையில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோரா என்ற எட்டு நிலைக் கோபுரமும் இந்த வரிசையில் வருவதே. இவற்றில் ஏறிப் பார்த்த மக்களின் வேட்கையே பிற்காலத்தில் ராட்டினத்துக்கு முன் வரிசையில் நின்றது என்று கருத இடமுண்டு.

உருட்டியும் ஏறியும் விளையாடும் பொருள்களைப் பற்றிய படுகையின் செய்திகள் மிகப் பழையவை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்டுவதற்காகப் பெண்கள் எறிந்த பொற்குழை, சிறுவர்கள் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுத்துக் கிடக்கும் காட்சி இடம்பெறுகிறது. அங்கே நெல்லும் சிறுதேரும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. அறுவடைக்கும் விளையாட்டுக்கும் இடையே படுகையில் இருந்த நெருக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையும், ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேரையும் பெண்பால் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்றாக ஊசலையும், அதாவது ஊஞ்சலாட்டத்தையும், வைத்திருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைச் சிறுவர்கள் அலங்கரித்து இழுத்துச் செல்லும் சப்பரத்தட்டி என்ற சிறு மரத்தேர், அந்தச் சிறுதேரின் இன்றுவரை அறுபடாத தொடர்ச்சி.

ஆயினும் இவை தரையை விட்டு அதிகம் எழாதவை. மனிதரை உயரே தூக்கிச் சுழற்றும் முதல் இயந்திரம் படுகையில் விளையாட்டாக அன்றி நேர்த்திக்கடனாகவே தோன்றியது. செடில் என்பது நிமிர்ந்து நிற்கும் கம்பம் ஒன்றின் தலையில் நீண்ட மரத்தைச் சுழலும்படி பொருத்திய அமைப்பு. மரத்தின் ஒரு முனையில் வேண்டுதல் செய்தவர் தொங்க, மறு முனையைக் கயிற்றால் பிடித்தவர்கள் தாழ்த்தி அவரை உயர்த்திச் சுற்றிவருவார்கள். முதுகுச் சதையில் கொக்கி மாட்டித் தொங்கும் பழைய முறை, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசின் கண்டனத்துக்கு ஆளாகி, அந்நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பெரும் விவாதமாகி, மெல்ல மறைந்தது. ஆனால் இயந்திரம் மறையவில்லை. நாகப்பட்டினம் நெல்லுக்கடை மாரியம்மன் கோயிலில் இன்றும் நடைபெறும் செடில் உற்சவத்தில், மரத்தின் முனையில் இருப்பவர் கைக்குழந்தையை ஏந்திக்கொள்ள, மரம் உயர்ந்து சுற்றுகிறது. கீழே நிற்கும் தாயின் அச்சம், மேலே சென்ற குழந்தையின் அழுகை, இறங்கியதும் கூட்டம் எழுப்பும் ஆரவாரம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்ப்பவருக்கு, பக்திக்கும் சுழலும் விளையாட்டுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது என்பது புரியும். நெம்புகோல், சுழலச்சு, எதிர்முனையின் எடை என்ற மூன்று கூறுகளும் செடிலில் முழுமையாக உள்ளன. திருவிழாத் திடலின் பிற்கால ஊர்திகள் இவற்றோடு மோட்டாரைச் சேர்த்துக்கொண்டன என்று கூறினால் அது பெரிதும் மிகையாகாது.

தேரும் தெப்பமும் இறைவனுக்குரிய ஊர்திகளாக இருந்தபோதிலும் மக்களுக்கும் அவற்றில் சிறிது இடம் இருந்தது. திருவாரூர்க் கமலாலயத்தில், பீப்பாய்களின் மேல் கட்டப்பட்ட தெப்பம் இரவில் குளத்தைச் சுற்றிவரும்போது, நாகசுரக்காரரும் பாடகரும் மட்டுமன்றி ஊர் மக்கள் பலரும் அதில் அமர்ந்து செல்வதுண்டு. அதே ஊரின் ஆழித்தேரோ, அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது என்பதால், அதை ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதே பெரிய கலை. நகரும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகி எடுப்பவரின் கைத்திறனில்தான் நெடுங்காலம் தேரோட்டத்தின் பாதுகாப்பு தங்கியிருந்தது. பின்னர் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் உதவியால் இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தப்பட்டன.

இத்தகைய திருவிழாக்களின் ஓரத்தில்தான் ராட்டினம் வேரூன்றியது. பழைய வகைகள் இரண்டு. ஒன்று குடைராட்டினம்: நடுக்கம்பத்திலிருந்து குடைக்கம்பிகளைப் போல விரியும் கைகளில் மரக்குதிரைகளும் நாற்காலிகளும் தொங்க, ஆள் ஒருவர் தள்ளிக்கொண்டே உள்வட்டத்தில் ஓடுவார். மற்றொன்று தொட்டில் ராட்டினம். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கத்தரிக்கோல் வடிவில் சாய்த்து நட்ட இரண்டு இணை மரங்களுக்கு நடுவே ஓர் அச்சு கிடக்கும்; அச்சின் இரு பக்கத்திலும் குறுக்காகப் பொருத்திய சட்டங்களின் முனைகளில் நான்கு மரத்தொட்டில்கள் இரும்பு முளைகளில் ஊசலாடும். ராட்டினக்காரர் முதல் தொட்டிலை நிரப்பியதும் அடுத்த தொட்டிலுக்குப் போவதில்லை; சக்கரத்தைப் பாதி சுற்றி, நேர் எதிரே உள்ள தொட்டிலில், முதல் தொட்டிலுக்கு ஏறக்குறைய இணையான எடையை ஏற்றுவார். பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கம் என்றால் தாயும் மூத்த மகளும் அந்தப் பக்கம் என்று, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைக் கணித்துக் குடும்பத்தைப் பங்கிடுவது அவருடைய தொழில்நுட்பம். சமன் பிசகினால் சுற்றுவதற்குக் கை வலிமை போதாது, நிறுத்துவதற்கும் போதாது. எல்லாத் தொட்டில்களும் நிறைந்தபின் ஒவ்வொன்றாகக் கைக்கு எட்டும்போது பிடித்துக் கீழே தள்ள, முளைகள் கிறீச்சிட, சக்கரம் வேகமெடுக்கும். எத்தனை சுற்று என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். சுற்று குறைந்தால் தகராறு நிச்சயம். ஓர் ஊர்தி எதிர்பார்ப்பை நிறைவேற்றியதா என்ற கேள்விக்குப் படுகை அறிந்த முதல் அளவுகோல் இந்தச் சுற்றுக் கணக்குதான்.

இங்கே ராட்டினம் நின்ற இடத்தையும் கவனிக்க வேண்டும். கோயில்களின் உள்ளே நுழையும் உரிமை உழைக்கும் சாதிகள் பலவற்றுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கு வழிவகுத்த சட்டம் 1939இல்தான் வந்தது. மதிலுக்கு வெளியே, தேரடிக்கு அப்பாலுள்ள திடலில் நின்ற ராட்டினத்தில், ஏறுவதற்குரிய தகுதி கையிலிருந்த காசாக இருந்தது. ஊரின் கட்டுப்பாடுகள் திடலுக்குள் நுழையவே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. ஆனாலும் திருவிழாவின் மையத்தில் இடம் கிடைக்காதவருக்கு அதன் விளிம்பில் ஒரு பங்கைத் தந்தவற்றுள் ராட்டினமும் ஒன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே அதன் வரலாறு எழுதப்பட வேண்டியது.

ரயில் வந்தபின் திருவிழாக்களின் அளவே மாறியது. நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூர் வழியாக இணைத்த பாதை 1862இல் நிறைவுற்றது; தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே முதலீடு செய்த மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. மாயவரத்து ஐப்பசித் துலா நீராட்டுக்கும், கும்பகோணத்து மகாமகத்துக்கும், நாகூர்க் கந்தூரிக்கும், ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் தொலைவிலிருந்து மக்கள் திரண்டு வரத் தொடங்கியதால், ஓர் ஊரின் சிறுவர்களை நம்பிப் பிழைத்த ராட்டினக்காரருக்கு ஊர் ஊராகச் செல்லும் தொழில் வாய்த்தது. அதே காலத்தில் நகரமும் தனக்கென ஒரு நிலையான பொழுதுபோக்கு இடத்தை உருவாக்கிக்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்தைச் சுற்றி, 1871–72இல் நகராட்சி அமைத்த மக்கள் பூங்கா, படுகையின் நிலையான கேளிக்கை இடங்களுள் மூத்தது. பிற்காலத்தில் அங்கு ஓடிய சிறுவர் ரயிலும் குளத்தின் மேலே சென்ற தொங்கு வண்டியும் பல தலைமுறைத் தஞ்சைக் குழந்தைகளின் முதல் பயணங்கள். அந்தப் பூங்கா சீர்மிகு நகரத் திட்டத்தில் அண்மையில் புதுப்பிக்கப்பட்டது.

உலகின் மறுபக்கத்தில், 1893இல் சிகாகோப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் அமைத்த இரும்புச் சக்கரம், 264 அடி உயரத்தில், ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறத்தக்க 36 பெட்டிகளைச் சுமந்து சுற்றியது. ராஜராஜன் எழுப்பிய விமானத்தைவிட அது ஏறத்தாழ ஐம்பது அடி உயரமானது. எழுப்பிய 13 ஆண்டுகளில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு இரும்பாக விற்கப்பட்டது. பாரிஸ் நகரத்து ஐபெல் கோபுரத்துக்கு விடையாக அமெரிக்கா தன் ஆற்றலைக் காட்டச் செய்த இச்சக்கரத்தின் சிறு வழித்தோன்றல்களே, ‘ஜெயண்ட் வீல்’ என்றும் ‘ராட்சத ராட்டினம்’ என்றும் பெயர் பெற்று, டீசல் எஞ்சினோடும் பின்னர் ஜெனரேட்டரோடும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படுகையின் திடல்களுக்கு வந்தவை. நாற்பது ஐம்பது அடி உயரம்தான் என்றாலும், தென்னந்தோப்புக்கு மேலே தலை எழும் அந்த ஒரு கணத்தில், மன்னார்குடியில் ஏறியவருக்கு ராஜகோபாலசுவாமி கோயிலின் கோபுரமும், 23 ஏக்கர் பரந்த ஹரித்ராநதிக் குளமும், அதற்கப்பால் தம் ஊர் இருக்கும் திசையும் ஒருங்கே தெரிந்தன. மலைநாட்டினருக்கு இது பொருட்டாகத் தோன்றாது. மேடற்ற நாட்டில் பிறந்தவருக்கு, தாம் நாள்தோறும் குனிந்து நட்டும் களையெடுத்தும் அறுத்தும் பழகிய வயல் ஒரு பரப்பாகக் கண்ணில் விரிவது வாழ்நாளில் சில முறையே கிடைக்கும் காட்சி.

இந்தத் தொழிலின் நாட்காட்டியை நெல்லே வகுத்தது. தையில் சம்பாவும் மாசியில் தாளடியும் அறுவடையாகி, அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பறித்து முடிந்தபின், பங்குனி, சித்திரை மாதங்களில் வயல் வெறுமையாகக் கிடக்க, குடும்பங்களின் கையில் சிறிது பணம் இருக்கும். மன்னார்குடியின் 18 நாள் பங்குனி உற்சவம், திருவாரூர்த் தேர், வலங்கைமான் மாரியம்மனின் பாடைக்காவடி, திருவையாற்றுச் சப்தஸ்தானம் ஆகியவை வரிசையாக வருவது இந்தப் பருவத்தில்தான். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் திடலுக்கு ஆள் சேராது. மழையும் எதிரி: கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் படுகையின் களிமண், ஒரே மழையில் இளகி உள்வாங்கும் என்பதால், ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, மட்டம் பார்த்து, மழைக்குப்பின் மீண்டும் மட்டம் பார்த்தே ஓட்ட வேண்டும். பருவம் தவறித் தண்ணீர் வராத ஆண்டுகளில் உழவரோடு சேர்ந்து ராட்டினக்காரரும் நொடித்தார்.

ஜெயண்ட் வீலுக்குப் பின் வந்தவை விரைவில் பெருகின. கடலோடியின் பெயரால் ‘கொலம்பஸ்’ என்று அழைக்கப்படும் ஊசல் கப்பல், அடிவயிற்றில் உராயும் ரப்பர் டயர் ஒன்றால் உந்தப்பட்டு இரு புறமும் எழுகிறது. டிராகன் ரயில், பிரேக் டான்ஸ், டோரா டோரா என்று பெயர்கள் நீள்கின்றன. இவற்றின் இலக்கு உயரத்திலிருந்து பார்ப்பது அன்று, உடலை உலுக்குவது. படுகையின் பெரியவர்கள் இவற்றில் ஏறாமல் கீழே பைகளையும் செருப்புகளையும் காத்து நிற்கும் வழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது. நிலையான பூங்காக்களின் காலமும் அதே திசையில் சென்றது. 1984இல் டெல்லியில் அப்பு கர் திறக்கப்பட்டது. 1990களில் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் எம்ஜிஎம்மும் தஞ்சை மாவட்டப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் இடம்பிடித்தன.

இந்த நீண்ட பழக்கத்தின் முன் தஞ்சோராவை நிறுத்தினால் விடை இரண்டாகப் பிரிகிறது. இயந்திரமாகப் பார்த்தால் அது குறை கூற முடியாதது. உலகின் தலைசிறந்த வடிவமைப்பாளர்களின் படைப்பு தமிழ் நிலத்தில் வந்து நிற்பது மகிழ்ச்சிக்கே உரியது. ஆனால் குடும்ப ஊர்தி என்ற வகையில், படுகையின் மக்கள் வழிவழியாக எதிர்பார்த்தவற்றை அது தரவில்லை. முதலாவது, குடும்பம் பிரிகிறது: இத்தகைய ஊர்திகளில் குறிப்பிட்ட உயரத்தை எட்டாத குழந்தையும், இதய நோயாளியும், கருவுற்ற பெண்ணும், தளர்ந்த முதியவரும் ஏற இயலாது. அது பாதுகாப்பின்பாற்பட்ட நியாயமான விதி. எனினும் பாட்டியையும் பேரனையும் ஒரே தொட்டிலில் அமர்த்திய மரபினருக்கு அது இழப்பே. இரண்டாவது, கண்ணுக்குக் காட்சி இல்லை: தலைகீழாகச் சுழலும்போது உலகம் கோடுகளாகக் கலைகிறதே அன்றி விரிவதில்லை. மூன்றாவது, தொலைவும் செலவும்: தஞ்சாவூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் நுழைவுக் கட்டணம் செலுத்துவது நடவுக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு எளிதன்று. அதே பூங்காவில் உயரத்தில் மெல்லச் சுற்றிவரும் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்றும் உண்டு. படுகையிலிருந்து செல்லும் மூன்று தலைமுறைக் குடும்பம் எதிர்பார்த்தது பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும், விளம்பரத்தில் முன்னிற்கும் ரோலர் கோஸ்டரில் அன்று.

திடல் ராட்டினத்தை இந்த ஒப்பீட்டில் உயர்த்திப் பிடிப்பதும் நேர்மையாகாது. பூங்காவில் உயரம் அளக்கும் கோலும், தோளை அழுத்திப் பிடிக்கும் பூட்டும், ஓடுவதற்கு முன் நடக்கும் வெற்று ஓட்டமும் உண்டு. திடலில் பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை, மின் ஆய்வு ஆகியவற்றின் சான்றுகள் கேட்கப்பட்டாலும், மூன்று நாளில் பூட்டி மூன்று நாளில் பிரிக்கும் இயந்திரத்தின் ஒவ்வொரு முளையையும் சோதிப்பவர் பெரும்பாலும் அதை ஓட்டும் தொழிலாளி ஒருவரே. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியை உரசி 11 பேர் உயிரிழந்தபின், தேரோட்டங்களுக்கு முன் மின்தடை, பாதை ஆய்வு, உயர வரம்பு ஆகியவை கறாராகக் கேட்கப்படலாயின. அதே தெருவில் அதே மின்கம்பிகளுக்கு அருகே எழும் ராட்டினத்துக்கும் இந்த ஆய்வுகள் பொருந்தும். ஆழித்தேரின் அச்சையும் பிரேக்கையும் செய்து தந்த பொறியியல் அறிவு அருகிலேயே திருச்சியிலும் தஞ்சையிலும் கல்லூரிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் நிறைந்திருக்க, பங்குனி பிறக்கும் முன் மாவட்டத்தின் ராட்டினங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் நிறுத்தி அச்சு, முளை, பற்றவைப்பு ஆகியவற்றைச் சோதித்துச் சான்றளிப்பது நிர்வாகத்துக்குச் சில நாள் வேலை.